பொது வீட்டில் ஓர் அளவுப் பாம்பு

தராசு அலறியது.

சாதாரண அலறல் இல்லை. கீழ்த் தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து குரைத்தது. எதிர் ஃபிளாட்டின் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சரண்யாவின் கையிலிருந்த டபரா தரையில் விழுந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போய் நின்றது.

தராசின் மேல் ஒரு துணிப்பை. பைக்குள் பாம்பு. தராசின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 'எடை குறைவு'.

கோகிலவாணி பொத்தானை அழுத்தி அலறலை நிறுத்தினாள். "பதறாதீங்க. இன்னொரு தடவை பார்த்துடலாம்."

அவள் பிள்ளைக் காப்புத் துறையின் அளவை அலுவலர். ஊரில் யாராவது ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க மனுப் போட்டால், பிள்ளையோடு ஒரு பாம்பும் அந்த வீட்டுக்கு வரும். மாதம் ஒரு முறை கோகிலவாணி வந்து பாம்பின் நீளத்தையும் எடையையும் எடுப்பாள். அளவு சரியாக இருந்தால் ஒரு வருட முடிவில் பிள்ளை அவர்களுக்குச் சொந்தம். பாம்பு துறைக்குத் திரும்பிவிடும்.

சென்னியப்பன், சரண்யா தம்பதிக்கு இன்னும் இரண்டு அளவுகள்தான் பாக்கி. சென்னியப்பனுக்குச் சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. ஆறு வயது மகிழினி இவர்களிடம் வருவதற்கு முன் இரண்டு வீடுகளிலிருந்து காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவள். மூன்றாவது வீட்டில்தான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள் என்று காப்பகத்தின் வார்டனே சொல்லியிருந்தார்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாம்பின் தீனி டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

கோகிலவாணி வெறும் பையைத் தனியாக எடை போட்டு, கழித்துப் பார்த்தாள். பிழையில்லை. பாம்பின் கண்ணைப் பார்த்தாள். பால் படிந்தாற்போல் இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த நேரத்து அளவு செல்லாது. கண் தெளிவாக இருந்தது. பிறகு அதை ஸ்பாஞ்சு விரித்த தட்டில் விட்டு, மேலே கண்ணாடி போன்ற மூடியை மெல்ல அழுத்தினாள். பாம்பு வளைந்து வளைந்து அசையாமல் படுத்தது. மூடியின் மேல், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, முதுகெலும்பின் வழியாக மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்தாள்.

"கையில புடிச்சு அளந்தா சீக்கிரம் ஆயிருமுங்களே மேடம்?" என்றான் சென்னியப்பன். பேசாமல் நிற்க அவனால் முடியவில்லை.

"பாம்பு ரப்பர் மாதிரிங்க. ரெண்டு கையால இழுத்துப் பிடிச்சா நாலு விரக்கடை கூடக் காட்டும். நீளம் கூடினா எடை பத்தலைன்னு ஆயிடும். உங்களுக்குத்தான் நஷ்டம்."

கோட்டின் மேல் நூலை வைத்து, நூலை ஸ்கேலில் வைத்தாள். அதே நீளம். எண்ணைத் தராசில் தட்டியதும் மறுபடி அலறல். இந்த முறை உடனே நிறுத்திவிட்டாள்.

"எங்க மாமியா ஏறி நின்னாக்கூட இந்த மெஷின் இப்படிக் கத்தாதுங்க" என்று சிரிக்கப் பார்த்தான் சென்னியப்பன். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "போன மாசத்துக்கு அது நீளமாத்தானே ஆயிருக்குது மேடம். வளர்றது நல்லதில்லீங்களா?"

"நீளம் வயசுக்குத் தானா வளரும். லேப்ல அப்படித்தான் உருவாக்கியிருக்காங்க. எடை மட்டும் சாப்பாட்டுல வர்றது. வீட்டுல யாராவது பயந்துட்டே இருந்தா வேர்வைல ஒரு வாசம் வரும். நம்ம மூக்குக்குத் தெரியாது. இது நாக்கை நீட்டினா தெரிஞ்சுக்கும். அந்த வாசம் இருந்தா தீனியைத் தொடாது. நீளத்துக்குத் தகுந்த எடை இல்லைன்னா, வீட்டுக்குள்ள பல நாளா ஒரு பயம் இருக்குதுன்னு அர்த்தம்."

"யாரைப் பார்த்து பயம்னு சொல்லுமுங்களா?"

"அது சொல்லாது. அதுக்கு விசாரணை இருக்கு."

முன்பெல்லாம் கேமரா வைத்தார்கள். கேமரா முன் எல்லா அப்பாக்களும் கதை சொன்னார்கள், எல்லா அம்மாக்களும் ஊட்டிவிட்டார்கள். பிள்ளைகளிடம் கேட்டால், சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது, நடந்து முடிந்த பிறகே தெரிந்தது. அப்படித் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கோகிலவாணியே போயிருக்கிறாள். அந்த ஹாலில் கிடந்த சின்னச் செருப்பை அவளால் மறக்க முடியவில்லை. பாம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால்தான் அவள் இந்த வேலையை நம்பினாள்.

சரண்யா முன்னால் வந்தாள். "மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க வர்ற தேதி போன்ல வந்ததும் பாப்பா ராத்திரி தூங்கறதில்லீங்க. பாம்பையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்குது. ஜிலேபி சாப்புடு, ஜிலேபி சாப்புடுன்னு கெஞ்சுது. அது சாப்பிடலைன்னா தன்னைத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு அதுக்குத் தெரியுமுங்க. அந்தப் பயம்தானுங்க மேடம். வேற ஒண்ணுமில்லீங்க."

சுருண்டு படுப்பதால் ஜிலேபி. பெயர் வைத்தது மகிழினி.

கோகிலவாணி பொறுமையாகத் தலையசைத்தாள். இதை அவள் கேட்காத மாதமில்லை. "இந்தப் பக்கத்துல எல்லா வீட்டுக்கும் நான்தாங்க போறேன். எல்லாப் பாம்பும் இளைக்கலையே."

"எல்லாப் பிள்ளையும் ரெண்டு ஊட்டுல இருந்து திரும்பி வந்த பிள்ளை இல்லீங்களே" என்றான் சென்னியப்பன்.

பதில் இல்லாத இடங்களில் அவள் விதியை எடுப்பாள்.

"ஒரு வழி இருக்கு. பாம்பை ஒரு வாரம் பொது வீட்டுல வெச்சுப் பார்க்கணும்னு நீங்க கேட்கலாம். அங்க நல்லா சாப்பிட்டுச்சுன்னா..." அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பாம்புக்குக் குறையில்ல, குறை இந்த வீட்டுலன்னு ஆயிடும். பாப்பாவை அழைச்சுட்டுப் போயிடுவாங்க. அங்கயும் சாப்பிடலைன்னா பாம்புக்குத்தான் சீக்கு. உங்களுக்கு வேற பாம்பு வரும். பழைய கணக்கெல்லாம் போயிடும்."

"பொது வீடுன்னா எங்கீங்க?"

"துறை அனுமதிச்ச வீடுங்க. இப்ப எதுவும் காலியில்ல. அலுவலர் வீட்டுலயும் வைக்கலாம்னு விதி இருக்கு." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன். எங்க வீட்டுல ஒரு சத்தம் கிடையாது."

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழி இருந்தால்தானே யோசிக்க?

மகிழினி டப்பாவை நீட்டினாள். "ஜிலேபி திரும்பி வருமா?"

"ஏன் கேக்கற பாப்பா?" என்றாள் கோகிலவாணி, மென்மையாகத்தான்.

குழந்தை சட்டென்று சரண்யாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டது.

வடவள்ளியில் கோகிலவாணியின் வீடு, பெயர் சொல்லிக் காட்டக்கூடிய வீடு. செருப்புகள் கோடு போட்ட மாதிரி நிற்கும். பாத்திரம் மோதாது. அவள் ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம் கேட்டாலே உள்ளே டிவி அணைந்துவிடும். மகள் தியா ஏழாம் வகுப்பு, கணவன் பூபதி பம்ப் கம்பெனியில் வரைவாளர். இருவரும் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் குரலை உயர்த்தியதில்லை.

அது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சத்தியம். அவளுடைய அப்பா கத்துவார். தட்டு பறக்கும். தன் வீட்டில் ஒருநாளும் ஒரு தட்டுகூடப் பறக்கக் கூடாது என்று அவள் சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தாள். பறக்கவில்லை. அவள் எதற்கும் கோபப்பட மாட்டாள். "ஏன்?" என்று மட்டும் கேட்பாள். பதில் சரியாக வரும்வரை, அதே குரலில், மறுபடி மறுபடி கேட்பாள்.

பாம்புக் கூண்டை ஹாலில் ஷோகேஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். தியாவின் கண்கள் விரிந்தன.

"தொடலாங்களாம்மா?"

"அது வேலையா வந்திருக்கு. விளையாட இல்ல."

ஜிலேபியின் தீனி, முட்டையில் செய்த குச்சிகள். விரல் கனம்தான் இருக்கும். தினமும் சாயங்காலம் ஐந்து வைத்து, தின்றதைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டும். கோகிலவாணி வைத்தாள். பாம்பு நாக்கை நீட்டியது, இழுத்தது. மறுபடி நீட்டியது. பிறகு சுருண்டு முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டது.

"புது இடம்" என்றாள். "நாளைக்குச் சரியாயிடும்."

சரியாகவில்லை. மறுநாள் தட்டில் வைத்த குச்சிகள் வைத்தபடியே கிடந்தன.

இரவுச் சாப்பாட்டின்போது தியாவின் கணக்குத் தாளைப் பார்த்தாள். நல்ல மார்க்தான். ஒரே ஒரு கணக்கில் கழித்தல் பிசகியிருந்தது.

"ஏன் கண்ணு?"

"கவனிக்கலைங்கம்மா."

"ஏன் கவனிக்கல?"

"அது... அவசரத்துல..."

"அவசரம் ஏன்?"

தியா தோசையைப் பிட்டபடியே இருந்தாள். வாய்க்கு எதுவும் போகவில்லை. பூபதி தொண்டையைச் செருமினான். "விடு வாணி. ஒரு மார்க்தானே."

கோகிலவாணி அவனைப் பார்த்தாள். "நான் திட்டினேனா?"

"இல்ல."

"கோபமாப் பேசினேனா?"

"இல்ல இல்ல."

"அப்பறம் ஏன் விடச் சொல்றீங்க?"

பூபதி கை கழுவ எழுந்தான். தட்டில் இன்னும் ஒரு தோசை இருந்தது. கூண்டுக்குள் ஜிலேபியின் நாக்கு மட்டும் ஒரு முறை வெளியே வந்து போனது.

மறுநாளும் சாப்பிடவில்லை. எடை இன்னும் இறங்கியது. கோகிலவாணி பல்லின் ஓரத்தைப் பார்த்தாள், வாய்க்குள் டார்ச் அடித்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வெளியே எதுவும் தெரியவில்லை. உள்ளுக்குள் ஏதோ நோய். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு சத்தமில்லாத வீட்டில், சண்டையில்லாத வீட்டில், ஒரு அளவுப் பாம்பு பட்டினி கிடக்க வேறு காரணம் என்ன இருக்க முடியும்?

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு ஒரு நிம்மதியும் வந்தது. சென்னியப்பன் வீட்டில் தப்பில்லை. அந்தப் பொண்ணு அங்கேயே இருக்கலாம். தன் கையால் ஒரு நல்லது நடக்கப் போகிறது.

வாரத்தின் நடுவில் ஈரோட்டில் ஒரு கூட்டம் வந்தது. சாயங்காலம் திரும்பிவிடுவதாகத்தான் போனாள். பெருந்துறைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு பாலத்தின் மேல் வெள்ளம். சக ஊழியர் ஒருத்தியின் வீட்டில் தங்க வேண்டியதாகிவிட்டது. அங்கிருந்து போன் போட்டாள்.

போனை எடுக்க நேரமானது. எடுத்தபோது பின்னால் ஏதோ பாட்டுச் சத்தம், தியா சிரிப்பது போல ஒரு சத்தம். உடனே நின்றுவிட்டது.

"குச்சி வெச்சீங்களா?"

"வெச்சேன்" என்றான் பூபதி.

"தின்னுச்சா?"

கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. மழைக்கு லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"இல்ல வாணி."

"மிச்சத்தைக் குப்பைல போட்டுடுங்க. தியா படிச்சாளா?"

"ம். படிக்கறா."

மறுநாள் வந்ததும் புடவைகூட மாற்றாமல் ஜிலேபியைப் பைக்குள் விட்டுத் தராசில் வைத்தாள். எடை கொஞ்சம் ஏறியிருந்தது. புருவத்தைச் சுருக்கினாள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. சரிதான், தண்ணீர் குடித்திருக்கிறது. தண்ணீர் எடையில் ஏமாறுவது புதிதாக வேலைக்கு வந்தவர்கள் செய்யும் தப்பு. அதில் அவள் ஏமாற மாட்டாள். அதற்கடுத்த நாள் எடை பழையபடி இறங்கியதும் தன் கணிப்பை நினைத்துத் திருப்தியாக இருந்தது.

வாரம் முடிந்தது. பாம்பு மெலிந்து, முதுகெலும்பு வரி வரியாகத் தெரிந்தது. 'பாம்புக்கு உட்கோளாறு. வளர்ப்பு வீட்டின் மீது குறையில்லை' என்று துறைக்குத் தெரிவித்தாள். உடனே ஒப்புதலும் வந்துவிட்டது. மறுநாள் காலை கால்நடை மருத்துவரின் வண்டி வந்து ஜிலேபியை எடுத்துப் போகும்.

சரண்யாவுக்கு அவளே போன் செய்தாள்.

மறுமுனையில் சரண்யாவின் அழுகை. பிறகு சென்னியப்பனின் குரல். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க மேடம். உங்க குழந்தைகுட்டியெல்லாம் நல்லா இருக்கோணும். பட்டறையில பசங்களுக்கெல்லாம் இன்னிக்குப் பிரியாணி வாங்கித் தந்துட்டேனுங்க. மோட்டாருக்குச் சுத்தற கம்பிய என் வெரல்ல சுத்திட்டு நிக்கறேன்."

"பாப்பாகிட்ட குடுங்க."

"ஜிலேபிக்கு என்ன ஆச்சு?" என்றது மகிழினியின் குரல்.

"அதுக்கு உடம்பு சரியில்ல பாப்பா. உனக்குப் புதுப் பாம்பு தருவாங்க."

"அதையும் நீங்கதான் அளக்க வருவீங்களா?"

"ஆமா. நானேதான்."

போனைச் சரண்யா வாங்கிக்கொண்டாள். குழந்தை விளையாடப் போய்விட்டதாகச் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் கோகிலவாணி மைசூர்பா வாங்கினாள். அவள் இனிப்பு வாங்குவது அபூர்வம். பெட்டியைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"மூணாவது வீடு அந்தப் பொண்ணுக்கு. இதுவும் போயிருந்தா அவ்வளவுதான். எடுத்துக்கங்க."

பூபதி ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். தியா எடுக்கவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், பிடிக்கலையா?"

"ஜிலேபியை என்னங்கம்மா பண்ணுவாங்க?"

"ஒரு ஊசி. வலிக்காது. நோய் மத்த பாம்புக்குப் பரவக் கூடாதில்ல?"

தியாவின் கண் நிரம்பியது. அப்பாவைப் பார்த்தாள். பூபதி வேகமாக, "தியா, போய்ப் படி. நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட் இருக்குல்ல" என்றான். அந்தக் குரலில் இருந்த அவசரம் கோகிலவாணிக்குப் புதிது. அவனை அப்படி அவள் கேட்டதில்லை.

"இருங்க" என்றாள். "அவ ஏதோ சொல்ல வர்றா. ஏன் கண்ணு அழற?"

"அதுக்கு நோயில்லீங்கம்மா."

"ஒரு வாரமா நான் பக்கத்துலயே இருந்து அளந்திருக்கேன். ஒரு குச்சிகூடத் தின்னல. உனக்கு எப்படித் தெரியும்?"

"வாணி, சின்னப் புள்ள, ஏதோ உளறுது..." பூபதி எழுந்துவிட்டான். கையிலிருந்த மைசூர்பா நசுங்கி விரலெல்லாம் நெய்.

"நீங்க உட்காருங்க. நான் அவளைத்தான் கேட்டேன்." அவள் குரல் உயரவில்லை. எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது. மகளின் பக்கம் குனிந்தாள். "ஏன் அப்படிச் சொல்ற?"

தியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரம் மரத்தில் படிந்தது. கூண்டுக்குள் நாக்கு ஒன்று அவள் பக்கமாக நீண்டு, நடுங்கி, உள்ளே போனது.

"நீங்க ஈரோட்டுல இருந்த அன்னிக்கு அது வெச்சதையெல்லாம் தின்னுச்சுங்கம்மா, அப்பாதான், உங்ககிட்ட சொல்ல வேண்டாம், சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னு சொன்னாங்க."